சில காலைகளில் மட்டும் ரேஸ் ஆன இன்ஜின்

பிரேக்கை மிதித்து பவர் பட்டனை அழுத்தினால் ரெடி விளக்கு எரியும். ஏழெட்டு வினாடி கழித்து இன்ஜின் தானாகவே ஓடத் தொடங்கும். பெட்ரோல் இன்ஜினும் பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த என் பதினாறு வயது ஹைபிரிட் காரில் ஒவ்வொரு காலையும் இப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நாள், ஓடத் தொடங்கிய இன்ஜின் யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்தது போல ரேஸ் ஆனது. கியர் பார்க்கிங்கில், என் கால் பிரேக்கில். இரண்டு நிமிஷம் கழித்து அடங்கிவிட்டது. மறுநாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் மறுபடி அதே சத்தம்.

தினமும் வரும் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். இது அங்கே போனால் வாயே திறக்காது. செக் இன்ஜின் லைட்டும் எரியவில்லை. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. வயதானால் தேய்மானம் வரும், சரி. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்து புதன்கிழமை காணாமல் போவதற்கு வயது எப்படிக் காரணமாகும்?

முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். அது வீண் செலவு. இந்த வகைக் காரில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்-ஜெனரேட்டர்தான் இன்ஜினைச் சுழற்றி எழுப்புகிறது. சின்ன பேட்டரியின் வேலை கம்ப்யூட்டர்களையும் ரிலேக்களையும் விழிக்க வைப்பது. அடுத்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன். உள்ளே கருப்பாகப் படிந்திருந்தது உண்மைதான். மூன்று நாள் சத்தமே இல்லாததால் தீர்ந்தது என்றே நம்பினேன். ஐந்தாம் நாள் பழைய கதை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன்: காரின் கம்ப்யூட்டர் தகவல்களைக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி, ஒரு நோட்டில் தினமும் எழுத ஆரம்பித்தேன். குளிர்ந்த இன்ஜின் காலையில் கொஞ்சம் வேகமாக ஓடுவது கோளாறு இல்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சூடாக்க வேண்டும் என்பதால் ஏறத்தாழ ஒரு நிமிஷம் அப்படி ஓடும். என் வண்டியில் அது 1,250 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) பக்கம் நிற்கும். சத்தம் போட்ட நாளில் 1,800. ஆனால் ஆர்பிஎம்மை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. பக்கத்திலேயே பெரிய பேட்டரிக்குள் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரேஸ் ஆகும்போது மின்சாரம் உள்ளே போகாவிட்டால் காற்றுக் கசிவு, த்ராட்டில், கூலன்ட் சென்சார் என்று தேடலாம். போனால், இன்ஜினைக் கத்த வைப்பது பேட்டரி. சாதாரண நாளில் எனக்குப் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. சத்தம் வந்த நாளில் 22 ஆம்பியர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பேட்டரி பசியோடு விழித்திருக்கிறது, இன்ஜின் அதற்கு ஊட்டுகிறது.

ஏன் சில நாள் மட்டும்? அதற்கு விடை கொடுத்தது என் மனைவி. நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்த நாளுக்கெல்லாம் முந்தின சாயங்காலம் நாம ஏசி போட்டுட்டு வண்டியில உட்கார்ந்திருந்தோமே" என்றாள். அதேதான். இதில் ஏசி கம்ப்ரஸரும் பெரிய பேட்டரியில்தான் ஓடுகிறது. நின்ற வண்டியில் ஏசி ஓடி சார்ஜ் இறங்கியிருக்கும், அதே நிலையில் ஆஃப் செய்திருப்போம், காலையில் ஸ்கேனர் 40 சதவீதத்துக்குப் பக்கம் காட்டும். நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு நிறுத்திய மறுநாள் சத்தமே வராது. த்ராட்டில் பாடியைக் கழுவிய பிறகு வந்த அந்த மூன்று நாளும் அப்படிப்பட்ட நாட்கள்தான்.

ஆனால் ஏசி போட்டுக்கொண்டு உட்காருவது எங்களுக்குப் புதிதில்லையே. பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருக்க வேண்டும் என்று அதன் பகுதிகளான பிளாக்குகளை ஸ்கேனரில் பார்த்தேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 28 மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த பெட்டி), இரண்டிரண்டாக 14 பிளாக். ஏசியைப் போட்டு, இன்ஜின் ஓடாத நேரத்தில் திரையைக் கவனித்தேன். பதின்மூன்று பிளாக்குகள் 15 வோல்ட்டை ஒட்டி ஒன்றாக இறங்கின. ஆறாவது மட்டும் 13.6. ஒரு செல்லின் அளவு 1.2 வோல்ட், வித்தியாசமும் ஏறத்தாழ அதுவே; அதாவது அதில் ஒரு செல் பலவீனமாகியிருக்க வேண்டும். இன்ஜின் எழுந்து சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் அதே ஆறாவது பிளாக் மற்றவற்றை முந்திக்கொண்டு மேலே போனது. சீக்கிரம் நிரம்பி, சீக்கிரம் காலியாகிறது. விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் மோசமாகவில்லை, அவ்வளவுதான்.

பின் சீட் ஓரமாக பேட்டரிக்குக் காற்று போகும் துளை இருக்கிறது. அதன் மேல் வருஷக்கணக்காக ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தோம். விசிறியைக் கழற்றினால் இதழ்களில் பஞ்சு பஞ்சாக நூலும் முடியும். இந்த பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடு. பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. உங்களிடம் பழைய ஹைபிரிட் இருந்தால் இன்றைக்கே அந்தத் துளையைப் பாருங்கள்.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பதினாறு வயதான 27 மாட்யூல்களோடு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் அடுத்த பலவீனமானது சில மாதத்தில் தலைகாட்டும். முழு பேக்கையும் மாற்றினோம். ஆரஞ்சு கேபிள் இருக்கும் இடத்தில் நான் கை வைக்கவில்லை. 200 வோல்ட்டுக்கு மேல். பயிற்சி உள்ளவர் ரப்பர் கையுறை போட்டு, பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் ப்ளக்கை உருவி, காத்திருந்து செய்தார்.

நேற்று சாயங்காலம் வேண்டுமென்றே அரை மணி நேரம் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்று காலை ஸ்கேனரில் 1,250, ஆம்பியர் பூஜ்யத்தை ஒட்டி. ஒரு நிமிஷத்தில் இன்ஜின் தானே அணைந்தது. நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.