புதுப் பிழை விடும் பெடியன்

ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை ஒரு பெடியனை ஏழு தரம் போய்ப் பார்த்துவிட்டேன். எல்லாம் கனடாவின் ஒன்ராறியோவில்: ஓஷாவாவில் மூன்று தரம், பீற்றர்பரோவில் இரண்டு, பிராம்ப்டனிலும் கிங்ஸ்டனிலும் ஒவ்வொன்று. ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ், அதாவது பின்களத்தில், ஆடுகிறவன். வயது பதினேழு. அந்த ஏழு ஆட்டத்திலும் அவன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இருந்தும் ஜூன் மாத என்.எச்.எல். டிராஃப்டுக்காக (வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கின் அணிகள் இளம் ஆட்டக்காரரை முறை வைத்துத் தெரிவு செய்யும் நிகழ்வு) நான் எழுதும் பட்டியலில் அவனை எந்த இடத்தில் வைப்பது என்றுதான் இந்தக் கிழமை முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். பதினேழு வயதுப் பிள்ளை. நாளைக்கு யாராவது அவன் பெயரைத் தேடினால், அவன் குளிர்காலத்தில் விட்ட பிழைகளை நான் எண்ணி வைத்த பக்கம் முன்னால் வந்து நிற்கக்கூடாது.

நான் எந்த அணிக்கும் வேலை செய்யவில்லை. மகன் ஆறு வயதில் ஹொக்கிக்குப் போகத் தொடங்கியபோது ரிங்கில் காத்திருந்து பார்த்துப் பழகியது. பிறகு ஓ.எச்.எல். என்ற ஒன்ராறியோ ஜூனியர் லீக் ஆட்டங்களுக்குப் போனேன், பிறகு கொப்பியோடு போனேன். இப்போது எட்டு வருடமாக ஒவ்வொரு ஜூனும் என் சொந்தப் பட்டியலை எழுதி இங்கே போடுகிறேன். மூன்று, நான்கு வருடம் கழித்து அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். அதில்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

கொப்பியில் பெயருக்குப் பக்கத்தில் முதலில் எழுதுவது பிறந்த திகதி. டிராஃப்ட் நடக்கும் வருடம் செப்ரெம்பர் 15க்குள் 18 வயது நிறைகிறவர்கள் அந்த வருடம் தெரிவுக்கு வரலாம். இதன் விளைவு பெரியது. ஒரே டிராஃப்டில் முதன்முறை நிற்கும் இரண்டு பெடியன்களுக்கிடையே ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் இருக்கலாம். முப்பது வயதில் அது ஒன்றுமில்லை. பதினேழில் அது ஒரு சாண் உயரம், பதினைந்து இறாத்தல் தசை, ஒரு முழுப் பருவ அனுபவம்.

ஓஸ்டன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்ரெம்பர் 17. இரண்டு நாள் முந்திப் பிறந்திருந்தால் 2015இல் முதல் இரண்டு இடத்தில் போன கொனர் மக்டேவிட், ஜாக் ஐக்கல் ஆகியோரோடு ஒரே மேடையில் நின்றிருப்பார். அந்த இரண்டு நாளால் இன்னொரு வருடம் காத்திருந்தார். அந்த வருடத்தைச் சுவிற்சர்லாந்து போய் சூரிச் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடிக் கழித்தார். 2016இல் ரொறன்ரோ அவரை முதலாவதாக எடுத்தது. மற்றப் பக்கம் மத்தியூ ஷேஃபர்: 2007 செப்ரெம்பர் 5. பதினொரு நாள் பிந்தியிருந்தால் 2026 வரை பொறுத்திருக்க வேண்டும். தன் டிராஃப்ட் வகுப்பிலேயே மிக இளையவர்களில் ஒருவர். உலக ஜூனியர் போட்டியில் காறை எலும்பு முறிந்ததால் அந்தப் பருவம் ஓ.எச்.எல்.லின் ஈரி அணிக்காக 17 ஆட்டம்தான் ஆடினார். அப்படியிருந்தும் 2025இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. அந்த 17 ஆட்டத்தில் 22 புள்ளி (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி). டிஃபென்ஸ் ஆடுகிற, அந்த வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்பது பிறந்த திகதியைப் பார்த்தால்தான் முழுதாக விளங்கும்.

எனக்கு இது பட்டுத்தான் விளங்கியது. சில வருடங்களுக்கு முன் ஒரு முன்கள ஆட்டக்காரனை என் பட்டியலில் இருபதுக்குள் வைத்தேன். டிசெம்பருக்குள் புள்ளிகள் குவிந்திருந்தன. அவன் செப்ரெம்பர் கடைசியில் பிறந்தவன், வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவன் என்பதைக் கொப்பியில் எழுதியிருந்தேன், எழுதியதை யோசிக்கவில்லை. அவனுடைய புள்ளிகளில் பாதிக்கு மேல் பவர் பிளேயில், அதாவது எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரத்தில், வந்தவை என்பதையும் அப்படித்தான் விட்டேன். ஏழு சுற்றிலும் 32 அணிகளில் ஒன்றும் அவனை எடுக்கவில்லை. அந்த வருடக் கொப்பியைப் பிறகு திரும்பப் படித்தேன். ஒக்ரோபரில் அவன் விட்ட பிழை எதுவோ, மார்ச்சிலும் அதே பிழைதான் எழுதப்பட்டிருந்தது: நடுப்பகுதியில் மூன்று பேருக்குள் பக்கை, அந்த ரப்பர் வட்டை, கொண்டுபோய்த் தொலைப்பது. ஐந்து மாதம், ஐந்து பக்கம், ஒரே வசனம்.

அன்றிலிருந்து நான் பிழைகளைத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஆட்டம் பார்க்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். கோல் கம்பத்துக்குப் பின்னால், மூலையில், எவ்வளவு உயரமாக முடியுமோ அங்கே இருப்பேன். பக்கவாட்டில் இருந்தால் பக்தான் கண்ணை இழுக்கும். பின்னால் உயரத்தில் இருந்தால் இரண்டு ஆட்டக்காரருக்கு நடுவே பாதை திறப்பதும் மூடுவதும் வடிவாகத் தெரியும். மகனுக்கு இப்போது பதினாறு. பெரும்பாலும் என்னோடு வருவான். அவன் பக்கைப் பார்ப்பான், நான் பெடியனைப் பார்ப்பேன். என்ன நடந்தது என்று அவனைக் கேட்டு எழுதுவேன்.

டிஃபென்ஸ் ஆடுகிறவனிடம் நான் எண்ணுவது ஒன்றைத்தான். எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வருகிறது. இவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய் அதை எடுக்க வேண்டும். எடுக்கும் முன் எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான்? பார்த்தால் யார் எந்தப் பக்கத்தால் வருகிறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் பக் மட்டையில் படும் முன்பே தெரிந்துவிடும். பார்க்காதவன் எடுத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவான். ஓ.எச்.எல்.லில் அதற்கு ஒரு கணம் கிடைக்கும். என்.எச்.எல்.லில் அந்த ஒரு கணம் இல்லை. கோல் பட்டியலில் இது எங்கும் வராது. ஆனால் இருபத்து மூன்று வயதில் அவன் அங்கே நிற்பானா என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

ஒக்ரோபரில் ஓஷாவாவில் நம் பெடியன் அநேகமாகத் திரும்பிப் பார்க்கவேயில்லை. மூன்று தரம் பலகையோடு சேர்த்து இடிபட்டான். இரண்டாவது இடிக்குப் பிறகு எழும்ப நேரமெடுத்தது. "பார்க்கவில்லை, இடிபட்டான்" என்று எழுதினேன். நவம்பரில் பீற்றர்பரோவில் ஒரு தரம் பார்த்தான். ஆனால் பார்த்ததும் பயந்து, பக்கை எடுத்த வேகத்தில் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளினான். ஆட்டம் முழுக்க அப்படியே. அணிக்கு ஆபத்தில்லை, பக் மட்டும் எதிரணிக்குப் போகும். "பார்க்கிறான், தள்ளிவிடுகிறான்." ஜனவரியில் மகன் என் கையைத் தட்டினான்.

"அப்பா, இவன் இப்ப ரெண்டு தரம் திரும்பிப் பாத்தவன். முதல்ல இடப் பக்கம், பிறகு வலப் பக்கம்."

அன்றைக்கு அவன் தோளை ஒரு பக்கம் சாய்த்து, துரத்தி வந்தவனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு மற்றப் பக்கத்தால் திரும்பினான். பிறகு கொடுத்த பாஸ் பிழைத்தது, நடு ஆட்டக்காரனின் முதுகுக்குப் பின்னால் போனது. அந்தப் பிழையை எழுதும்போது எனக்குச் சரியான சந்தோசம். ஒக்ரோபரில் இந்தப் பிழையை விடக்கூடிய இடத்துக்கே அவன் வந்திருக்கவில்லை.

எண்களை நான் தள்ளி வைப்பதில்லை. ஒவ்வொரு லீக்கிலும் எடுக்கும் புள்ளிக்கு என்.எச்.எல்.லில் என்ன பெறுமதி என்று மாற்றிக் கணக்கிடும் முறை இருக்கிறது. சுவீடனின் பெரிய லீக்கில் ஆண்களோடு ஆடி எடுத்த ஒரு புள்ளி ஒன்ராறியோ ஜூனியர் புள்ளியைவிடக் கனமானது. அது நல்ல கருவி. ஆனால் யாரோடு ஆடினான், எத்தனை பவர் பிளே, என்ன வயது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் அதே கருவி ஏமாற்றும். அலெக்ஸ் டிப்ரிங்கட் 2014-15இல் ஈரி அணியில் 51 கோல் அடித்தபோது, மக்டேவிட் இருக்கிற அணியில் யாரும் அடிக்கலாம் என்று கதைத்தார்கள். மக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார். அடுத்த பருவம் டிப்ரிங்கட் 60 ஆட்டத்தில் மறுபடி 51. டிலன் ஸ்ட்ரோம் போன்ற நல்ல ஆட்டக்காரர் அப்போதும் பக்கத்தில் இருந்தார் என்பது உண்மைதான், ஆனால் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அப்படியும் 2016இல் 39ஆவதாகத்தான் சிக்காகோ எடுத்தது. ஆள் கட்டை, அதுதான் காரணம்.

உடம்பைப் பற்றிய பயத்தை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். கட்டையான டிஃபென்ஸ் ஆட்டக்காரனுக்கு வாழ்க்கை உண்மையிலேயே கடினம். ஆனால் உடம்பு மாறும் என்பதை ஏன் மறக்கிறோம்? 2014இல் ரொறன்ரோவில் நடந்த உடல்தகுதிச் சோதனையில் சாம் பெனற் கம்பியில் ஒரு தரம்கூடத் தொங்கி எழும்ப முடியாமல் நின்றார். செய்திகளில் பெரிதாக வந்தது. கல்கரி அதைப் பொருட்படுத்தாமல் நான்காவதாக எடுத்தது. 2025இல் புளோரிடா என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கிண்ணம் வென்றபோது பிளேஓஃபின், அதாவது கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுகளின், சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். பதினேழு வயதுத் தோளுக்கு உடற்பயிற்சியாளர் இருக்கிறார்.

ஸ்கேட்டிங்கும் அப்படித்தான் என்று இப்போது நம்புகிறேன். முன்பு நம்பவில்லை. பிரேடன் பொயின்ற் 2014இல் 79ஆவதாகப் போனவர். ரம்பா பே அணி அவரைப் பார்பரா அண்டர்ஹில்லிடம் அனுப்பியது; 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற கனடியப் பெண்மணி அவர். முழங்கால் மடிப்பு, அடி வைக்கும் கோணம் என்று அவரோடு வேலை செய்து, லீக்கில் வேகமாக ஓடுகிறவர்களில் ஒருவரானார் பொயின்ற். 2020இலும் 2021இலும் கிண்ணம். ஆகவே கால் மெதுவாக இருக்கிறது என்று எழுதும்போது, ஏன் மெதுவாக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதப் பழகினேன். நிமிர்ந்து ஓடுகிறானா, இடுப்பு திறக்கவில்லையா, முதல் மூன்று அடியா. திருத்தக்கூடியது எது என்று தெரியவேண்டும்.

கோல் காக்கும் கோலிகளைப் பற்றி நான் எழுதுவதில்லை. 2000இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர் றிக் டிபியெற்றோ என்ற கோலி. அதே டிராஃப்டில் 205ஆவதாகப் போய், அவரைவிடப் பெரிய கோலியானவர் ஹென்றிக் லுண்ட்க்விஸ்ட். எனக்கு அந்த இடத்தில் கண் இல்லை.

பார்க்கவே முடியாமல் போன ஒரு வருடமும் இருந்தது. 2020-21 பருவம் ஓ.எச்.எல்.லில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. வின்ட்சர் அணியின் வையட் ஜோன்ஸ்டனை அந்த வசந்தத்தில் ரெக்சஸில் நடந்த பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில்தான் பார்க்கக் கிடைத்தது. டலஸ் 23ஆவதாக எடுத்தது. அடுத்த பருவம் 124 புள்ளியோடு லீக்கில் முதலிடம், அதற்கடுத்த வருடம் என்.எச்.எல்.லில் 24 கோல். என் பட்டியலில் அவர் ஐம்பதுக்கு அப்பால் இருந்தார். அந்தப் பருவத்தில் என்னிடம் இருந்தது 2019-20இல் அவர் பதினாறு வயதில் ஆடியதைப் பற்றிய குறிப்புகள்தான். பதினாறு வயதுக் குறிப்பை வைத்துப் பதினெட்டு வயதுக்காரனை எடை போட்டேன். ஒரு பிள்ளை வளருகிற நேரத்தில் பழைய கொப்பியை நம்புவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது உறைத்தது.

ஆகவேதான் மார்ச்சில், ஆறு தரம் பார்த்தது போதாது என்று, 401 நெடுஞ்சாலையில் இரண்டரை மணித்தியாலம் ஓடிக் கிங்ஸ்டனுக்குப் போனோம்.

இரண்டாவது பீரியட். பக் மூலைக்குள் வந்தது. பெடியன் ஓடும்போதே இரண்டு தரம் பார்த்தான். துரத்தி வந்த இரண்டு பேரையும் பார்த்திருக்கிறான், அது அவன் உடம்பு திரும்பிய விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடியில் அடித்துத் தள்ளலாம். செய்யவில்லை. தன் கோலுக்கு முன்னாலேயே, குறுக்கால், மற்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரனுக்குக் கொடுத்தான். பாதை திறந்துதான் இருந்தது, ஆனால் அரைக் கணம் முந்திவிட்டான். எதிரணியின் மட்டை நடுவில் விழுந்தது. கோல். பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். இரண்டு ஷிஃப்ட் (ஆள் மாறி இறங்கும் முறை) அவனை விடவில்லை. மூன்றாவதில் விட்டார்கள்.

மூன்றாவது பீரியடில் அதே மூலை, அதே பக்கம், பின்னால் இரண்டு பேர். பார்த்தான், திரும்பப் பார்த்தான். எனக்கு நெஞ்சு இடித்தது. அதே குறுக்குப் பாஸ்தான் கொடுத்தான். ஆனால் இந்த முறை ஒரு அடி கூட எடுத்து, எதிரியின் மட்டை தன் பக்கம் வரும்வரை பொறுத்து, அது கடந்த பிறகு கொடுத்தான். மற்றவன் ஆறுதலாக எடுத்துக்கொண்டு மேலே போனான். அரங்கில் யாரும் கைதட்டவில்லை. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

மகன் கொப்பியை எட்டிப் பார்த்தான். 38 என்று இருந்ததை வெட்டிவிட்டு 29 என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, அந்தக் கோல் இவன்ர பிழைதானே?"

"ஓம், இவன்ர பிழைதான்" என்றேன். நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.