அக்காவின் போன் வார்டு: பெருந்தொற்றுக் கால நாட்குறிப்பு

மார்ச் 12, 2020

உலக சுகாதார நிறுவனம் நேற்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. மாலையில் அறக்கட்டளைக் கூட்டம். எங்கள் வேலை, வீடு தேடிப் போய்ச் செய்யும் வலிநிவாரண சிகிச்சை. முற்றிய புற்றுநோய், பக்கவாதம், படுத்த படுக்கையான முதுமை. டாக்டரும் நர்ஸுகளும் போக மற்றவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். ஒருங்கிணைப்பாளர் பதிவேட்டை எடுத்து, பெயர்களை விட்டுவிட்டு எங்கள் வயதை மட்டும் வரிசையாக வாசித்தார். பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அதிலும் சர்க்கரை, பிரஷர் இல்லாதவர்களைத் தேடத்தான் வேண்டும். அறுபது தாண்டியவர்கள் இனி வீடுகளுக்குப் போகக் கூடாது என்று முடிவானது.

ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவுக்குக் கோபம். “காசநோய் வார்டுல வேலை பார்த்தவ நான்.”

“அப்ப உங்களுக்கு இருபத்தஞ்சு வயசு அக்கா,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 20

நோயாளிகள் பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். நேரில் போயே தீர வேண்டியவர்கள் ஒரு பக்கம், போனில் சமாளிக்கக் கூடியவர்கள் ஒரு பக்கம். சிறுநீர்க் குழாய் மாற்ற ஆள் போய்த்தான் ஆக வேண்டும். புழு வைத்த புண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் வாரம் ஒருமுறை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோமே, அந்த வீடுகளை எங்கே சேர்ப்பது? போன் பக்கம் சேர்த்தோம். எனக்கு உடன்பாடில்லை, மாற்று வழியும் தோன்றவில்லை.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின்தான் பெரிய தலைவலி. திடீரென்று நிறுத்தினால் வலி திரும்புவதோடு, பழகிய உடம்பு வியர்த்து நடுங்கும். கட்டுப்பாடுள்ள மருந்து என்பதால் மொத்தமாகக் கொடுத்து வைக்கவும் முடியாது. விதி இடம் கொடுக்கும் அளவுக்கு டாக்டர் நாட்களைக் கூட்டி எழுதித் தருகிறார். வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று விசாரிப்பது என் பொறுப்பு. மார்ஃபின் மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கான மருந்தும் கூடவே போகிறதா என்று பார்ப்பதும் நான்தான். அது விட்டுப்போனால் வலியை விட அதற்குத்தான் அதிகம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 6

கவச உடைப் பயிற்சி. போடுவது சுலபம், கழற்றுவதில்தான் கண்டம். முதலில் கையுறை, அப்புறம் அங்கி, கையைச் சுத்தம் செய்துகொண்டு கண்ணாடி. அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் மாஸ்க். மறுபடியும் கை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் மூக்கு அரிக்கிறதென்று கையுறையோடு தொட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தோம், நர்ஸ் சிரிக்கவில்லை. முதலிலிருந்து செய்ய வைத்தார்.

கட்டில் கம்பி, மேஜை துடைக்க 0.1% குளோரின் கரைசல்: 5% திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். வைத்தால் வீரியம் போய்விடும் என்பதால் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆள்மேல் தெளிக்கும் கூத்தெல்லாம் இங்கே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உடைக்குள் இருப்பது யாரென்று தெரியாமல் பாட்டிகள் மிரள்கிறார்கள். எபோலா சமயத்தில் லைபீரியாவில் செய்ததுபோல, சிரித்த முகமாக ஒரு போட்டோவை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு போகிறோம்.

ஏப்ரல் 23

கோபம் ஆறி அக்கா வந்துவிட்டார். வந்துவிட்டார் என்ன, வீட்டில் இருந்தபடியே போன் பிரிவு முழுக்க இப்போது அவருடைய வார்டு. இன்று இணைப்பில் நானும் இருந்தேன். அப்பாவின் இடுப்பில் ஏதோ நிறம் மாறியிருக்கிறது என்று ஒரு பெண் பதறினாள்.

“அழாதேம்மா. விரலால அழுத்தி எடு. வெளுத்துட்டு மறுபடி பழைய நிறம் வருதா?”

“தெரியலைக்கா, அப்பா கறுப்பு.”

“சரி, கண்ணை விடு. புறங்கையை வச்சுப் பாரு. சுத்தி இருக்கிற இடத்தை விடச் சூடா இருக்கா? கெட்டியா இருக்கா?”

“சூடா இருக்கு.”

“படுக்கைப்புண் ஆரம்பிக்குது. தேய்க்காதே, பவுடர் போடாதே. இழுக்காம உருட்டு. முழங்காலை மடக்கு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடி. இனி அந்த இடம் மெத்தையில படவே கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும், ராத்திரியும்.”

ராத்திரி என்றதும் அந்தப் பக்கம் சத்தமில்லை. “அலாரம் வை. முதல் தடவை நானே கூப்பிடறேன்,” என்றார் அக்கா. கூப்பிட்டார் என்று மறுநாள் அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும்.

போனில் செய்வது இரண்டாந்தரம் என்று நினைத்திருந்தேன். முன்பெல்லாம் நாங்கள் போய்த் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவோம். வீட்டில் யாருக்கும் கற்றுக்கொடுத்ததே இல்லை.

ஜூன் 18

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொரோனாவுக்கு உதவுகிறது என்ற செய்தி வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வு முடிவு 16ஆம் தேதி வந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறதாம், ஆக்ஸிஜனில் இருப்பவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. இந்தக் கடைசி வரி மட்டும் யார் காதிலும் விழவில்லை.

எங்களுக்குத் தனிச் சிக்கல். மூளைக் கட்டியின் வீக்கத்துக்காக இதே மாத்திரை எங்கள் நோயாளிகள் சிலரின் டப்பாவில் ஏற்கெனவே இருக்கிறது. “பையனுக்கு இருமல், ஒண்ணு கொடுக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். பையனுக்கு உதவாது, சர்க்கரை இருந்தால் எகிறும், நோயாளிக்கோ மாத்திரை குறையும், திடீரென்று நிறுத்தவும் கூடாத மருந்து. இதையே நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 11

வீடுகளுக்குப் போகும் தம்பிகளில் ஒருவனுக்குப் பாசிட்டிவ். அவன் நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் கூடப் போனவர்கள் எல்லோரும் 14 நாள் தனிமையில். ஒரே நாளில் பாதிப் படை காலி. இனி இரண்டு அணி. ஓர் அணியை இன்னொன்று பார்க்கவே கூடாது, சாவி கொடுக்கக்கூட. செலவு இரட்டிப்பு, வேறு வழியில்லை.

டிசம்பர் 9

பிரிட்டனில் நேற்று தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஊசி 90 வயதுப் பெண்மணிக்கு. விடிந்ததும் அக்காவிடமிருந்து போன்: “பார்த்தியா, வயசானவங்கதான் முதல்ல.”

ஊசி போட்டதும் வீடுகளுக்குப் போவாராம். ஆனால் போன் பிரிவை மூடக் கூடாதாம். அவ்வளவு ஆட்களுக்கு எங்கே போவது என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பதற்குள் பட்டியலே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. காலை போன், மாலை வீடு. என் பெயர் இரண்டிலும் இருக்கிறது.