கடாரத்திலிருந்து வந்தவள் பழையாறைக்கு நடந்தபோது

மலேசியத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து குடியேறினால் மொழி தெரியும், சாப்பாடு பழக்கம், கும்பிடும் சாமியும் ஒன்றுதான், ஆகவே அவர்களுக்குப் பெரிய சிரமம் எதுவும் இருக்காது என்றே இரண்டு கரைகளிலும் நினைக்கிறார்கள். பழைய நூல்கள் கடாரம் என்று சொல்லும் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்து, கணவரின் பெற்றோர் தள்ளாமையடைந்ததால் கும்பகோணத்துக்கு வந்து தங்கிவிட்ட எனக்கு அது அப்படி அமையவில்லை. விசா, ஓ.சி.ஐ. அட்டை, வங்கிக் கணக்கு முதலான காகித வேலைகள் அலைச்சல் கொடுத்தாலும் ஒருவழியாக முடிந்துவிட்டன. முடியாமல் நின்றது வேறொன்று: நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் வழி சொல்லும் முறையே தனி. கடையோ பேருந்து நிறுத்தமோ அவர்களுக்கு அடையாளம் அல்ல. ஆறும் வாய்க்காலும் திசையுமே அடையாளம். "அரசலாத்துக்கு அந்தாண்டதாம்மா, வாய்க்காலுக்கு மேலண்டை ஒரு அரசமரம் நிக்கும், அதுக்கு நேர் தெக்கே" என்று அத்தை சொல்லி அனுப்புவார். நான் கைப்பேசி வரைபடத்தை விரித்துக்கொண்டு நிற்பேன். உறவினர்கள் அன்போடு காரில் ஏற்றி நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். செருப்பைக் கழற்றுவது, வரிசையில் நிற்பது, தீபாராதனை, மறுபடி கார் என்று பொழுது போயிற்று. கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் நிலம் கண்ணாடிக்கு வெளியே பச்சையாக ஓடி மறைந்தது. டெல்டாவைப் பார்க்க இதைவிடப் பொருத்தமற்ற முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. இங்கே விஷயமே அந்த நடுவில்தான் இருக்கிறது.

அதைக் காட்டியவர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். ஆண்டுதோறும் தை மாதத்தில், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சில நாள் நடக்கிறார். அதிகாலையில் புறப்பட்டு, வெயில் ஏறியதும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கி, மாலையில் மீண்டும் நடப்பது அவர் வழக்கம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தவர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். எல்லாரும் அவரைச் 'சார்' என்றோம்.

முதல் நடை திருவலஞ்சுழியில் தொடங்கியது. அங்கே வெள்ளைப் பிள்ளையார் சந்நிதியில் உள்ள கருங்கல் பலகணி புகழ்பெற்றது. மரத்தில் இழைப்பதைப் போலக் கல்லில் இழைத்திருக்கிறார்கள். காவிரியின் தென்கரைத் தலமான அங்கிருந்து ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போனோம். சுவாமிமலையில் மலைக்கோயிலைக் காட்டிலும் நெடுநேரம் எங்களை நிறுத்தி வைத்தது ஒரு ஸ்தபதியின் பட்டறை. தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் ஒரு நடராசரின் கையை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். விரல் நகத்தின் வளைவைச் சூடேற்றிய சிறு கருவியால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்தார். மெழுகு உருவம் முடிந்ததும் அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மேலும் மேலும் மண்ணைக் கனமாக்கிக் கம்பி கட்டுகிறார்கள். பிறகு சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று வருவதில்லை. சார் அந்த மண்ணில் ஒரு பிடியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். மாவைப் போல வழவழப்பாக இருந்தது. விரலால் அழுத்தியபோது என் ரேகை அப்படியே அதில் பதிந்தது. மெழுகில் உள்ள நகத்தின் வளைவு ஏன் உலோகத்திலும் மாறாமல் வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆறு கொண்டுவந்து போடும் மண்ணை நம்பியே இந்தத் தொழில் இங்கே நிலைத்திருக்கிறது.

அன்று மாலை திருப்புறம்பியம் சேர்ந்தோம். கி.பி. 880ஐ ஒட்டி அங்கே நடந்த போரில் பாண்டியர் தோற்றதால்தான் சோழர் தலையெடுக்க வழி பிறந்தது. இன்று அந்தக் களத்தில் நெல்லும் வாழையும்தான் இருக்கின்றன.

மறுநாள் தாராசுரத்திலிருந்து பழையாறைக்கு நடந்தோம். டெல்டாவில் ஒரே ஒரு நடைதான் நடக்க முடியும் என்று யாராவது சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட, 2004இல் இதுவும் கங்கைகொண்டசோழபுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. தேர் வடிவ மண்டபத்தையும், ஒரே தலை யானைக்கும் காளைக்கும் பொதுவாக அமைந்த சிற்பத்தையும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். சார் எங்களைக் கீழே குனிய வைத்தார். கருவறையின் அடித்தளத்தில் நாயன்மார்களின் வரலாறுகள் சிறுசிறு காட்சிகளாகச் செதுக்கப்பட்டுப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த அரசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஒரு தலைமுறை கழிவதற்குள் அந்தப் பாட்டு கல்லில் ஏறிவிட்டது. சுங்கைப் பட்டாணிக் கோயிலில் ஞாயிறுதோறும் தேவார வகுப்பில் மனப்பாடம் செய்த பெயர்களை அங்கே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே மண்டியிட்டு நகர்ந்தேன்.

தாராசுரத்தை விட்டுக் கிளம்பினால் வழி வயலுக்குள் போகிறது. இந்தப் பக்கத்தில் அரசலாறு, முடிகொண்டான், திருமலைராசன் என ஆறுகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. கெடாவும் மலேசியாவின் நெற்களஞ்சியம்தான். 1970களில் முடா நீர்ப்பாசனத் திட்டம் வந்த பிறகு இரண்டு போகம் விளையும் சமவெளி அது. ஆனால் அங்கே நான் பார்த்தவை நேர்கோட்டில் வெட்டிய கால்வாய்கள். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் அந்த வயல்களுக்குள் இறங்கியதும் இல்லை. இங்கே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரியும் நீர் மறுபடி மறுபடி கிளைத்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்காலுக்கும் இறங்கி, கடைசியில் ஒருவர் மண்வெட்டியால் வெட்டிவிடும் சிறு மடையில் வந்து முடிகிறது. எஞ்சிய நீர் வடிகால் வழியே கீழ் வயல்களுக்குப் போகிறது. மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு ஜூன் 12 திறப்பு நாளாக வழக்கத்துக்கு வந்தது. எந்த ஆண்டில் எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதுதான் இங்கே குறுவை நெற்பயிரின் தலையெழுத்து.

நாங்கள் நடந்த சமயத்தில் சம்பா முற்றி அறுவடைக்கு நின்றது. ஒரு வயலோரத்தில் நின்றிருந்த பெரியவரிடம் சார் அனுமதி கேட்டு, வரப்பில் உட்கார்ந்து நெற்றாள்களை இரு கையாலும் விலக்கிக் காட்டினார். சாய்ந்திருந்த கதிர்களுக்கு அடியில், ஈரம் வற்றி மெழுகுப் பதத்துக்கு வந்திருந்த மண்ணில், உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே நிற்கும் பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுகிறார்கள். நெல் போன பிறகு எஞ்சும் ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைந்துவிடும். "கையறுப்பு இருந்தவரைக்கும் இது ஒழுங்கா வந்துச்சும்மா. இப்ப அறுவடை மிஷின் ஏறுனா பாதி நசுங்கிப் போயிடுது" என்றார் பெரியவர். அறுக்க ஆள் கிடைக்காததால் மிஷினையும் விட முடியவில்லை. சாலைக்கு ஏறியதும் ஓரமாகக் காயப்போட்டிருந்த நெல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் ஒரு குடும்பமே காலால் துழாவிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வரலாறு பார்க்க வந்தவர்கள் இதையும் நின்று பார்க்க வேண்டும் என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். அவர் செய்தது சரி. அந்தக் கோயில்களைக் கட்டிய செல்வம் இந்த வேலையிலிருந்துதான் வந்தது.

அதற்கான சான்றை அவர் கையோடு வைத்திருந்தார். டெல்டாவின் சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட நிலத்தைக் குறிப்பிடும்போது, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணாறும் சதிரமும் நிலத்தின் உட்பிரிவுகள். வதி வடக்கு தெற்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் செல்ல, அவற்றைக் கொண்டு ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அடையாளம் சொல்லிவிட முடிந்திருக்கிறது. வயல் நடுவே நின்று சார் அதை விளக்கியபோது எனக்கு அத்தையின் குரல் காதில் விழுந்தது. அவர் எனக்குச் சொன்ன வழிகள் ஆயிரம் ஆண்டுப் பழக்கத்தின் தொடர்ச்சி. வரைபடத்தை மூடிவிட்டு ஆறு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது. இப்போது கும்பகோணத்தில் நான் வழி தவறுவதில்லை.

பட்டீசுவரத்தில் துர்க்கை சந்நிதிக் கூட்டத்தைத் தாண்டி, இராமநாதன் கோவில் என்று ஊரார் அழைக்கும் சிறிய கற்றளிக்கு வந்தோம். இதன் பழைய பெயர் பஞ்சவன்மாதேவீச்சரம். முதலாம் இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு, அவர் வயிற்றில் பிறக்காத மகனான முதலாம் இராசேந்திரன் எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எடுத்த கோயில், இது. அங்கே எனக்கு நேர்ந்ததை விளக்குவது சற்றுக் கடினம். நான் கடாரத்துக்காரி. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களோடு எங்கள் நிலத்தையும் தாக்கி, கடாரங்கொண்டான் என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் இந்த இராசேந்திரன். மலேசியப் பள்ளியில் எனக்கு அது அயலார் படையெடுப்பு. கும்பகோணத்தில் என் மாமனாருக்கு அது பெருமை. இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வழி தெரியாமல் நான் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அடுக்களைக்குப் போய்விடுவேன். சிற்றன்னைக்குக் கோயில் எடுத்த மகனாக அவனை அந்தச் சிறிய கருவறை முன்பு சந்தித்தபோது எந்தப் பக்கமும் சேராமல் அவனைப் பற்றிச் சிந்திக்க முடிந்தது. படையெடுப்பு படையெடுப்புதான் என்று இப்போது மாமாவிடமே சொல்கிறேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்.

பழையாறை சோழரின் இன்னொரு தலைநகர். முடிகொண்டசோழபுரம் என்று பெயர் பெற்றிருந்தது. அரண்மனையில் எதுவும் மிஞ்சவில்லை. மங்கையர்க்கரசியார் பிறந்த ஊர், அமர்நீதி நாயனாரின் ஊர், வடதளியில் அப்பர் உண்ணாநோன்பு இருந்த ஊர் என்று பாட்டிலும் கதையிலும்தான் அது வாழ்கிறது. சிதைந்த கோபுரத்தோடு நிற்கும் சோமநாதர் கோயிலில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை.

கடைசி நாள் வேனில் நாகப்பட்டினம் போனோம். கடாரத்து அரசன் ஸ்ரீ மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரையை அமைத்தது இங்கேதான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்து உறுதிசெய்தவன், பின்னாளில் கடாரத்தின்மீது படை அனுப்பிய அதே இராசேந்திரன். அந்த 21 ஏடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரையின் எஞ்சிய கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டது. இதே துறைமுகத்திலிருந்துதான் ரஜூலா போன்ற கப்பல்களில் எங்கள் தாத்தாக்களும் பாட்டிகளும் பினாங்குக்குப் போனார்கள், 1938இல் தோட்டக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தும்வரை. என் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து இங்கே வந்து கப்பல் ஏறினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் விட்டுப் போன வேலை எப்படிப்பட்டது என்பதை நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள். பங்குனிக்கு மேல் கல்தரையில் கால் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பு வழுக்கும். எளிதில் கழற்றும் செருப்பு, ஒரு துண்டு, தண்ணீர் போதும். யார் வயலாக இருந்தாலும் கேட்டுவிட்டு வரப்பில் ஏறுங்கள். இந்தத் தையில் என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். கார் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஞ்சவன்மாதேவீச்சரத்துக் கல்வெட்டைப் படித்துக்காட்டும் பொறுப்பைச் சார் இம்முறை என்னிடம் கொடுத்திருப்பதால், சோழர் காலத் தமிழ் எழுத்தைப் படிக்க இரவில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.