கையளவு

"இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. கணைதான் கையைக் கொல்லுகிறது."

மியான்மரின் மௌலமைன் நகரில் எங்கள் மரப்பட்டறை வாசலில் நின்று ஓர் அத்தை இதைச் சொல்லி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தட்டோன் போகும் சாலையோரம் வேர்க்கடலையும் காய்கறியும் போடுபவர். கடையில் வாங்கிய மண்வெட்டியை என் முன் வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து, காய்த்து, மறுபடியும் உரிந்திருந்தது.

மண்வெட்டியின் மரப்பிடியான கணையை அளந்தேன். பருமன் 48 மில்லிமீட்டர். அதை அவர் பிடித்தபோது நடுவிரல் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும். சுற்றி வளைக்க முடியாத பிடி நழுவாமல் இருக்க வேண்டுமென்றால், கை ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்களின் பிடி வலிமை சராசரியாக ஆண்களுடையதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். ஆண் தன் பாதிப் பலத்தில் முடிக்கிற வேலை, பெண்ணிடம் ஏறக்குறைய முழுப் பலத்தையும் கேட்கிறது. அதுவும் காலை ஆறு மணியிலிருந்து.

இந்தப் பக்கத்தில் ஆண்கள் தாய்லாந்துக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், மிஞ்சியிருந்த இளைஞர்களிலும் பலர் எல்லை தாண்டிவிட்டார்கள். வயல் பெண்கள் கையில் வந்து சேர்ந்தது. கருவிகள் மட்டும் ஆண் கைக்குச் செய்தவையாகவே இருக்கின்றன.

முதலில் தவறான வழியில் போனேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த உற்சாகத்தில் புத்தம் புதிய மண்வெட்டி ஒன்றைச் செய்தேன். மெல்லிய தகடு, சிறிய அலகு, கணையில் ரப்பர் உறை. தூக்கினால் பூப்போல இருக்கும். அத்தை அரை மணி நேரம் வெட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். "மண்ணில் இறங்க மாட்டேன் என்கிறது, தம்பி." மண்வெட்டியின் கனம்தான் மண்ணைப் பிளக்கிறது. கனத்தைக் குறைத்தால் அந்த வேலையைத் தோள் செய்ய வேண்டும். ரப்பர் உறையோ, சேறு பட்டதும் வழுக்கியது. ஆண்டுக்கு நான்கு மீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிற ஊரில் அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அத்தை முதல் நாளே சொன்னதைக் காதில் வாங்க எனக்கு ஓராண்டு பிடித்தது. அலகு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பழைய லாரி வில்பட்டையில் கொல்லர் அடித்தது, இருபது ஆண்டு உழைக்கும். செலவே அதில்தான். மாற்ற வேண்டியது கணையை. கணை மட்டும் என்றால், புது மண்வெட்டி விலையில் கால் பங்குகூட ஆகாது.

அளவெடுப்பது தனிப் பாடம். டேப்பை நீட்டினால் பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். அதனால் ஒரு மரக்கூம்பைக் கடைந்து, ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொருவரும் தாமே பிடித்துப் பார்த்து, நடுவிரலும் கட்டைவிரலும் தொடும் இடத்தைச் சொன்னார்கள். பலருக்கும் 34 முதல் 38 மில்லிமீட்டர் பருமனுக்குள் வசதியாக இருந்தது. ஆனால் கணை முழுவதையும் ஒல்லியாக்க முடியாது; கணை நுழையும் துளையான மண்வெட்டியின் கண் பெரியது, ஆப்பு வைத்தாலும் ஆடும். அதனால் கண்ணுக்குள் நுழையும் முனையைப் பழைய பருமனிலேயே விட்டு, கை பிடிக்கும் இடத்தை மட்டும் சீவினோம். உருண்டையாக அல்ல, முட்டை வடிவில். உருண்டைக் கணை ஈரக்கையில் சுழலும்; அதை அடக்கத்தான் விரல்கள் இறுக்குகின்றன. கடைசல் இயந்திரம் இந்த வேலைக்கு உதவாது. அப்பாவின் பழைய இழைப்புளிதான் உதவியது.

மரத்திலும் அடி வாங்கினோம். இங்கே பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டிச் சல்லிசாகத் தருவார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் உளுத்துக் கொட்டியது. இப்போது மரவாடியில் மிஞ்சும் பாதாக் மரத் துண்டுகளை வாங்குகிறோம். நம் வேங்கையின் இனம், உளுக்காது.

கணையின் நீளம் பற்றித்தான் அதிகம் வாதாடினோம். கலிஃபோர்னியாவில் குட்டைக் கணை மண்வெட்டியால் பண்ணைத் தொழிலாளர்களின் முதுகு பாழாகி, வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் அதற்குத் தடை வந்தது. அதைப் படித்த வேகத்தில் எல்லாருக்கும் நெடுங்கணை போட்டேன். அலகு மண்ணைக் குத்தாமல் மேலாக வழித்துக்கொண்டு போனது. நிமிர்ந்து நின்று வெட்டும்போது கணை செங்குத்தாகிறது. அதற்கேற்ப அலகுக்கும் கணைக்கும் இடையிலான கோணத்தை விரிக்க வேண்டும். அலகின் கழுத்தைக் கொல்லர் காய்ச்சி ஒரு தட்டுத் தட்டினால் போதும், சரியாகிவிடும். இருந்தும் கீரைப் பாத்திக்கு நெடுங்கணை ஆகாது. நாற்றுக்கும் களைக்கும் விரற்கடை இடைவெளிதான். குனிந்து, கண்ணருகே பார்த்துக் கொத்த வேண்டும். ஆக, வாய்க்காலுக்கும் வரப்புக்கும் நெடுங்கணை, பாத்திக்கு ஒல்லியான களைக்கொத்து. ஒரே கருவியில் எல்லா வேலையையும் முடிக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

"நின்றுகொண்டு வேலை செய்தால் சோம்பேறி என்பார்கள்" என்று ஒரு சின்னம்மா தயங்கினார். நான் பதில் சொல்லவில்லை. அவருடைய மாமியாரே ஒருநாள் நெடுங்கணையை வாங்கி இரண்டு வரப்பு வெட்டிப் பார்த்தார். அதன்பின் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

மலிவு என்பது விலையோடு முடிவதில்லை. ஜூனில் நடவு தொடங்கும்போதுதான் கருவி தேவைப்படும். அப்போது வீட்டில் காசு இருக்காது. அறுப்பு முடிந்து ஜனவரியில்தான் பணம் புழங்கும். நாங்கள் பொங்கலை ஒட்டி, கோயில் வாசலில் கணை மாற்றிக் கொடுக்கத் தொடங்கிய பிறகே பெண்கள் தங்கள் கையால் காசு கொடுத்து வாங்கினார்கள். அதுவரை எது வாங்குவது என்று முடிவு செய்தவர் வீட்டு ஆண். வெட்டப்போவது அவர் கை அல்ல.

இந்த ஜனவரியில் அத்தை மீண்டும் வந்தார். சாக்கில் ஐந்து அலகுகள், துருப்பிடித்தவை. பக்கத்து வீடுகளிலிருந்து திரட்டியவை, அவற்றில் இரண்டு மோன் இனப் பெண்களுடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டியிருந்தது, நூலில் இரண்டு முடிச்சு. "இங்கிருந்து இதுவரை பிடி, அங்கிருந்து முனை வரை நீளம்" என்றார். கூம்பு இல்லாமலே அளவெடுத்திருக்கிறார். நூல்களை ஆணியில் வரிசையாக மாட்டிவிட்டு, முதல் மரத்தைப் பட்டடையில் ஏற்றினேன்.