1:50க்கு அப்புறம்

ஏப்ரல் 5, சனி

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பியானோவுக்கு நான் எழுதிய பாட்டை ரெக்கார்ட் செய்தேன். தோட்டப்பாளையத்தில் அதை விட்டால் நேரம் கிடையாது. ஐந்தரைக்கெல்லாம் பால் வண்டி, அப்புறம் பஸ் ஹாரன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க வாசித்தேன். நான்கு நிமிஷம் பத்து விநாடி.

போனில் ரெக்கார்ட் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். அது தானாகவே மெதுவான இடத்தைத் தூக்கிவிடும், ஓங்கி வாசித்த இடத்தை அமுக்கிவிடும். கேட்டால் எல்லாமே ஒரே மட்டத்தில் கிடக்கும். அந்த ஆட்டோ செட்டிங்கை அணைத்துவிட்டு, போனைப் பியானோ மேல் வைக்காமல் எதிரே நாற்காலியில் மடித்த போர்வை மேல் வைத்தேன். பியானோவின் அதிர்வு நேராக மைக்கில் ஏறாது.

குடியாத்தம் ஆர்கெஸ்ட்ரா தம்பி, சத்துவாச்சாரி வயலின் டீச்சர், சர்ச் கொயர் மாஸ்டர், சென்னைத் தோழி, நான்கு பேருக்கு அனுப்பிவிட்டேன். வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக. ஆடியோவாகப் போட்டால் பெடலின் மிச்ச ஒலியெல்லாம் தேய்ந்துபோய்விடுமோ என்று பயம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்கு பேருக்கும் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காட்பாடி போய், குடிபோகப் போகும் புது வீட்டின் படிக்கட்டை அளந்தேன். அகலம் 34 அங்குலம், திருப்பத்தில் 33. பியானோ நீளம் ஐந்தடி, ஆழம் இரண்டடி. நேரான படியில் ஏறிவிடும், திருப்பத்தில் திரும்பாது. செங்குத்தாக நிமிர்த்தலாமா என்று அண்ணன் கேட்டான். உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம், அதில் இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னுக்கு மேல். அதைப் படியில் நிமிர்த்தி நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

"வித்துட்டு நல்ல கீபோர்டா ஒண்ணு வாங்கிக்கயேன்."

பதில் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினேன். பால்கனி இருக்கிறது. கிரில்லைக் கழற்றினால் ஆறடி வழி. ஓனரம்மாவைக் கேட்கணும்.

ஏப்ரல் 9, புதன்

முதலில் வந்தது குடியாத்தம் தம்பியிடமிருந்து. கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா ரிகர்சல் நடக்கிறதாம், அந்த இடைவெளியில் கேட்டிருக்கிறான்.

"அக்கா, ஏழு தட்டுல போவுதுன்னு ரெண்டாவது ரவுண்டுலதான் புடிச்சேன், சூப்பர்க்கா. ஆனா இன்னாக்கா, ஒண்ணு அம்பதுக்கு அப்புறம் கை தானா ஃபார்வர்டுக்குப் போவுது. அங்க ஒரு ஸ்டிரிங்ஸ் பேட் போட்டா தூக்கிடும்."

ஸ்டிரிங்ஸ், அதாவது பின்னணியில் வயலின் கூட்டம் மாதிரி நீளமாக நிற்கும் கீபோர்டு ஒலி, போட மாட்டேன். இது பியானோவுக்கு எழுதியது. ஆனால் கை ஃபார்வர்டுக்குப் போனதை மறைக்காமல் சொன்னான் பார், அதற்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு 'அருமை' என்று கைகூப்பிப் பொம்மை அனுப்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

1:50இலிருந்து கேட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது?

ஏப்ரல் 11, வெள்ளி

சத்துவாச்சாரி வயலின் டீச்சர் போனில் கேட்க மாட்டேன், வீட்டுக்கு வா என்றார். மோர் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் மிஸ்ர சாபு தாளம் போட ஆரம்பித்தார், மூன்று, இரண்டு, இரண்டு. இடது கை தடுமாறாமல் போகிறதா என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் விரல் நின்றது. கண் திறக்கவில்லை, கை மட்டும் அப்படியே தொடையில் கிடந்தது. போனைப் பார்த்தேன். 1:54.

முடிந்ததும் முதலில் தைவதத்தை, அதாவது 'த' சுரத்தைப் பற்றித்தான் பேசினார். நான் எடுத்துக்கொண்டது கீரவாணி ராகம். மேற்கத்திய ஹார்மோனிக் மைனர் ஸ்கேலும் அதே ஏழு சுரம்தான், அதனால்தான் எடுத்தேன். டீச்சரும் அந்த வாசல் வழியாக உள்ளே வரலாம், சர்ச் மாஸ்டரும் வரலாம். ஏ-யை ஷட்ஜமாக, அதாவது 'ச' ஆக வைத்தால் தைவதம் எஃப். அது மொட்டையாக நிற்கிறதாம்.

"பியானோல சுரத்தை அசைக்கற கமகம் வராதுன்னு கைவிட்டுடாதேம்மா. பஞ்சமத்தைத் தொட்டுட்டு தைவதத்துல சாய். ஒரு நொடிதான். காது மிச்சத்தைப் போட்டுக்கும்."

வீட்டுக்கு வந்து பஞ்சமமான ஈ-யை லேசாகத் தட்டி எஃபில் சாய்ந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தத் தைவதம் இத்தனை வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்த மாதிரி!

நடுப்பகுதியைப் பற்றி ஒரே வரி: "விஸ்தாரம்னு நெனச்சுண்டு ஒரே சுரப் பிடியையே திருப்பித் திருப்பிப் பிடிக்கறே."

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கொயர் மாஸ்டரை ஆராதனை முடிந்து பார்த்தேன். "ஈஸ்டர் கழியட்டும்மா" என்றார். நியாயம்தான். பெரிய வெள்ளிக்கு மூன்று மணி நேர ஆராதனை இருக்கிறது, ஏழு வார்த்தைக்கும் ஏழு பாட்டு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. நல்ல நாளில் போய் கிரில்லைக் கழற்றட்டுமா என்று எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 16, புதன்

சென்னையிலிருந்து தோழியின் பதில். வாய்ஸ் நோட், பன்னிரண்டு நிமிஷம். என் பாட்டை விட மூன்று மடங்கு!

இடது கையைக் கேட்டால் ஷோபானின் ஓபஸ் 28, நான்காவது ப்ரெலூட் என்ற குட்டிப் பியானோப் பாட்டு ஞாபகம் வருகிறதாம். முதலில் சுருக்கென்றது. யாரோ போட்ட தடத்தில் நடந்திருக்கிறேன் என்கிறாளா? ராத்திரி அதை எடுத்து வாசித்தேன். ஒரே ஒரு பக்கம். வலது கை கிட்டத்தட்ட அசையாமல் இரண்டு சுரத்துக்கு நடுவில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. இடது கையில் கார்டு, அந்தச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், ஒவ்வொரு சுரமாக இறங்குகிறது, அரை அரைப் படியாக. ஒன்று நகரும்போது மற்றது காத்திருக்கிறது. அதனால்தான் அந்த ஒரு சுரம் இறங்குவது நமக்குக் கேட்கிறது.

என்னுடையதில் 1:50க்கு அப்புறம் இரண்டு கையும் ஓடுகிறது. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை.

அவள் சொன்ன வழி வேறு, அந்த இடத்தில் ஸ்ருதி மாற்று என்கிறாள். தம்பி ஸ்டிரிங்ஸ் என்றான். டீச்சர் பிடியைக் குறை என்றார். மூன்று பேர், மூன்று யோசனை, ஒரே இடம். யோசனையை அவரவர் காதுக்குப் பழக்கமான சங்கீதத்திலிருந்து எடுக்கிறார்கள், அது எனக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் கவனம் நழுவிய இடத்தைச் சொல்லும்போது மூன்று பேருமே பொய் சொல்ல வழியில்லை. இடத்தை நம்புகிறேன். வழியை நான் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓனரம்மா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

நேதாஜி மார்க்கெட் லோடுமேன்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். பெரியவர் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூட்டைன்னா முதுகு புடிக்கும், பீரோன்னா கை புடிக்கும். இதுல புடிக்க எடமே இல்லியேம்மா" என்றார். பின்பக்கம்தான் கனம் என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டு பால்கனி வழியாகத்தான் என்று அவரே சொன்னார். அடியில் பெல்ட், ஓரத்துக்குச் சாக்கு, சக்கரத்தை நம்பி உருட்டவே கூடாது. நான் கேட்க நினைத்ததையெல்லாம் நான் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிட்டார். மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியது.

சின்னவர் கறுப்புக் கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் வாசித்தேன். தூக்கம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாஸ்டர் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே ஸ்டாஃப் பேப்பர், ஐந்து கோடு போட்ட இசைத் தாள். காதால் கேட்டு, பென்சிலால், என் பாட்டை எழுதியிருக்கிறார்! நான் நோட்டேஷன் அனுப்பவே இல்லை. 31 பார், அதாவது 31 தாளச் சுற்று, இரண்டு கையும். எனக்கே சந்தேகமாக இருந்த ஒரு ஜி ஷார்ப்பைச் சரியாகப் பிடித்திருக்கிறார். எழுபது வயசுக்கு மேல் ஆகிறது அவருக்கு. ரோட்டோரத்திலேயே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் படித்தேன்.

சிவப்பில் ஒரே ஒரு குறிப்பு, ஆறு இடத்தில்: "பேரலல் ஃபிஃப்த்ஸ்." இடது கையில் ஏ-ஈ, எஃப்-சி, டி-ஏ என்று ஐந்தாம் சுர ஜோடிகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்குகின்றன. நான்கு குரலுக்கு எழுதும் இலக்கணத்தில் அது கூடாது, இரண்டு குரல் ஒரே குரலாகக் கரைந்துவிடும் என்பார்கள்.

31ஆவது பாருக்கு அப்புறம் பேப்பர் காலி. நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 23, புதன்

ஓனரம்மா சரி என்றுவிட்டார். கழற்றின போல்ட்டையே திரும்பப் போடணும், பெயின்ட் என் செலவு. பத்து தடவை பெயின்ட் அடிக்கிறேன் அம்மா.

ஏப்ரல் 24, வியாழன்

31இலிருந்து வலது கையை எடுத்துவிட்டேன். முழுசாக. எட்டு பார் இடது கை மட்டும், அந்த ஐந்தாம் சுரங்கள் வெறுமையாக இறங்குகின்றன, மூன்று, இரண்டு, இரண்டு. அப்புறம் வலது கை ஒரே ஒரு தைவதத்தோடு வருகிறது, பஞ்சமத்தைத் தொட்டுச் சாய்ந்து. ஒரு மாசமாகச் சேர்த்துச் சேர்த்து வைத்த ஓட்டமெல்லாம் போய்விட்டது. அதில் நான் ரொம்ப ஆசைப்பட்ட ஒரு திருப்பமும் இருந்தது. போகட்டும். மூன்று நிமிஷம் இருபது விநாடி.

ஏப்ரல் 26, சனி

வண்டி நாளைக் காலை ஏழு மணிக்கு. பாலாற்றுப் பாலத்தில் கூட்டம் சேரும் முன்னே தாண்டிவிடணும். அங்கே இறக்கியதும் டியூன் செய்ய முடியாது. புது அறையின் சூட்டுக்கும் காற்றுக்கும் மரம் பழக இரண்டு மூன்று வாரம் விடணும். அதனால் இந்தப் பியானோ இந்தச் சத்தத்தில் இருப்பது இன்றைக்கு வரைதான். மதியம் கரண்ட் போன நேரத்தில் ஃபேனும் இல்லை, பக்கத்து வீட்டு டிவியும் இல்லை, ரெக்கார்ட் செய்துவிட்டேன். நான்கு பேருக்கும் போய்விட்டது.

மாஸ்டருக்கு மட்டும் தனியாக எழுதினேன்: "ஐயா, ஃபிஃப்த்ஸ் இருக்கட்டும். அந்த இரண்டு குரலும் ஒன்றாகக் கரையணும் என்றுதான் எழுதினேன், தம்புராவில் கரைகிற மாதிரி. 31க்கு அப்புறம் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்."

டைப்பிங் என்று காட்டுகிறது.