சூமில் போட்ட சீட்டுக் காசு

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில் பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான், இப்போது கொழும்பில் நல்ல வேலை. "சேர், அமெரிக்க டெக் ஷெயர் எல்லாம் ஏறிக்கிட்டே போகுது, லோன் எடுத்து வாங்கலாமா?" என்றான். பதில் சொல்வதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

2020 ஒக்டோபர். பள்ளிக்கூடங்களை மறுபடி மூடிவிட்டார்கள், நான் சூமில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். லயத்து வீடுகளுக்குள் சிக்னல் கிடைக்காததால் பிள்ளைகள் தேயிலை மலைக்கு மேலே பாறையில் ஏறி, ஒரு கையில் குடை ஒரு கையில் போன் என்று உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தோட்டத்துப் பாறை வரைக்கும் வந்துவிட்ட கம்பனி உலகம் முழுக்க என்னதான் சம்பாதிக்காது என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. கணக்கு தப்பில்லை, அந்த ஒரு வருடத்தில் அதன் வருமானம் சுமார் 62 கோடி டொலரிலிருந்து 265 கோடிக்குப் போனது. ஆனால் வருடத் தொடக்கத்தில் 70 டொலருக்கும் குறைவாக இருந்த பங்கு, நான் பார்த்தபோது 560ஐத் தாண்டியிருந்தது. வருமானம் நாலு மடங்கு, விலை எட்டு மடங்கு. இனி வரப்போகிற நல்ல காலத்துக்கும் சேர்த்தே என்னிடம் காசு வாங்குகிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. (எனக்காவது கம்பனி சரி. அந்த மார்ச்சில் பெயரில் சூம் இருக்கிறதே என்று சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பனியின் பங்கை வாங்கி ஏற்றிவிட்டார்கள், அந்தப் பங்கை வாங்கி விற்பதையே அமெரிக்காவில் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.)

காசு சீட்டுக் காசு. மாதம் 5,000, 21 பேர். இரண்டாம் மாதமே மொத்தக் காசும் கைக்கு வர, இரண்டாம் நம்பரைக் கேட்டு வாங்கினேன். லண்டனில் இருக்கும் மச்சான் அவருடைய ஆப்பில் வாங்குவது, நான் இங்கே மாமியார் கையில் காசைக் கொடுப்பது என்று பேச்சு. ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு பங்கு கிடைத்தது.

நவம்பர் 9ஆம் திகதி ஃபைசர் தடுப்பூசி வேலை செய்கிறது என்று செய்தி வந்தது. சூம் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது. உலகமே மூச்சு விட்ட நாளில் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன், நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"பொறுங்க மச்சான், ஏறும்" என்றார் லண்டன் மச்சான். பொறுக்கலாம்தான். அமேசன் பங்குகூட 1999 கடைசியில் 100 டொலருக்கு மேல் நின்று, 2001இல் 6 டொலர் வரை இறங்கி, பழைய விலையைத் திரும்பப் பிடிக்க 2009 ஆகிவிட்டது. 2000 மார்ச்சில் 5,048இல் முடிந்த, அமெரிக்க டெக் கம்பனிகள் நிறைந்த நாஸ்டாக் சுட்டெண் அந்த இடத்துக்குத் திரும்ப 15 வருடம். அத்தனை வருடம் காத்திருக்க, யாரும் வந்து கேட்காத காசாக இருக்க வேண்டும். என்னுடையதை மாதாமாதம் 10ஆம் திகதி சீட்டு அக்கா வாசலில் வந்து கேட்பார். சீட்டை முன்னாலேயே எடுத்தவன் வேறு யார், கடன்காரன்தானே? அப்புறம் 2021 ஓகஸ்டில் அப்பாவுக்குக் கண் ஒபரேஷன், கையில் வேறு காசில்லை. அந்த மாதக் கடைசி நாளில் பங்கு இன்னொரு முறை 17 சதவீதம் அளவுக்கு விழுந்து 290க்குப் பக்கத்தில் நின்றபோது விற்கச் சொன்னேன். 58,000 ரூபாய் போல வந்தது.

விற்காமல் வைத்திருந்தால்? 2022 கடைசியில் அது 70 டொலருக்குக் கீழே, எட்டு மடங்கு ஏறியதும் போய் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. டொலர் 360 ரூபாயைத் தாண்டியும் 25,000 தேறியிருக்காது.

கடைசித் தவணையை 2022 மே மாதம், சமையல் கேஸ் வரிசையில் நிற்கும்போது கொடுத்தேன். எப்போதோ கைவிட்டுப் போன பங்குக்கு அன்று வரை கட்டியிருக்கிறேன். அக்கா நோட்டில் கோடு போட்டுவிட்டு, "அடுத்த சீட்டு தொடங்கப் போறேன், சேர் பேரைப் போடவா?" என்றார்.

"போடுங்க அக்கா. கடைசி நம்பர்."