28 நொடி

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஃபவாத் மிர்சா என்று சொன்னால் ‘அது எந்தக் கடை?’ என்றுதான் கேட்பார்கள். குதிரையேற்ற வீரர், பெங்களூர்க்காரர், அப்பா குதிரை டாக்டர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மெடிகாட் என்ற குதிரையில் ஏறி ஈவென்டிங்கில் தனிநபர் வெள்ளி வாங்கினார், அணிக்கும் வெள்ளி. ஈவென்டிங் என்றால் ஒரே குதிரையில் டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, தடை தாண்டும் ஜம்பிங் என்று மூன்று கட்டம். குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு நமக்கு வந்த முதல் தனிநபர் பதக்கம் அது.

அதற்கப்புறம் மெடிகாட்டுக்குக் காயம்.

இந்த இடத்தில் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிடும். ஜங்ஷனிலிருந்து பேட்டைக்கு ஜட்கா ஓட்டியவர். வண்டி பூட்டும் முன் குதிரையைக் கெட்டித் தரையில் கூடவே ஓட்டிப் பார்ப்பார். முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும்; நல்ல கால் படும்போது தாழ்த்தும். அப்படித் தெரிந்தால் முட்டிக்குக் கீழே புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சூடு இருந்தால் அன்றைக்கு வண்டி கிடையாது, பாட்டி என்ன கத்தினாலும் சரி. ஈவென்டிங்கிலும் இதேதான். போட்டி தொடங்கும் முன்பும், கடைசி நாள் ஜம்பிங்குக்கு முன்பும் அதிகாரிகள் எதிரில் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டினால் ஆட்டம் முடிந்தது.

மெடிகாட் தேறும்வரை மிர்சா சும்மா இருக்கவில்லை. ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்று வேறு குதிரைகளில் புள்ளி சேர்த்து ஒலிம்பிக்கில் இடம் பிடித்தார். 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் போனதற்குப் பிறகு இவர்தான். 2021இல் டோக்கியோவில் அவர் ஏறியதோ பழைய மெடிகாட் மேல்தான்!

ஈவென்டிங்கில் புள்ளி குறைந்தால்தான் நல்லது. நடையழகைப் பார்க்கும் டிரெஸ்ஸாஜில் 28 புள்ளி, ஒன்பதாவது இடம். அடுத்தது கிராஸ் கன்ட்ரி: மேடு, பள்ளம், தண்ணீர், அசையாத மரத்தடைகள். 7 நிமிடம் 45 நொடிக்குள் முடிக்க வேண்டும். குதிரை ஒரு தடை முன் முரண்டு பிடித்து நின்றாலே 20 புள்ளி ஏறும். மெடிகாட் எங்கேயும் நிற்கவில்லை, ஆனால் 28 நொடி தாமதம். நொடிக்கு 0.4 வீதம் 11.20 ஏறியது. காயத்திலிருந்து வந்த குதிரையை விரட்டாமல் ஓட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவும் விரட்டியிருக்க மாட்டார்.

ஜம்பிங்கில் ஏறிய புள்ளியும் சேர்ந்து கடைசியில் 59.60 புள்ளி, 23வது இடம். “இருபத்தி மூணாவதா வந்ததுக்கு ஒரு பதிவாடா?” என்று ஏற்காட்டு நண்பன் ஒருவன் கேட்டான். ஜம்பிங்கின் இறுதிச் சுற்றுக்கே 25 பேரைத்தான் விட்டார்கள் மச்சான். அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹாய்க்கு வயது 62. நம்ம ஆளுக்கு அப்போது 29.

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.